பதிப்பு முரணும் அதனைத் தீர்க்கும் நெறியும்

எண்கள் தாமாகப் பேசுவதில்லை. நூறாண்டு மழையளவை வரிசை வரிசையாக எழுதி வைத்தால், அதனை இறுதிவரை படிப்பார் மிகச் சிலரே. அவ்வளவுகளையே ஒரு கோட்டுப் படமாக வரைந்து சுவரில் மாட்டினால், எந்த ஆண்டில் வறட்சி நேர்ந்தது, எந்த ஆண்டில் வெள்ளம் பெருகிற்று என்பது சிறுவர்க்கும் ஒரு நோக்கில் விளங்கும். இக்காரணம் பற்றியே பௌதிகம், பொருளியல், தாவர நூல், சரித்திரம் முதலாய எல்லாத் துறை மாணாக்கரும் இக்காலத்தில் கணிப்பொறியைக் கொண்டு தரவுகளைப் படமாக்கக் கற்கின்றனர். அதற்கு அவர்கள் கையாளும் கருவிகளுட் பெரும்பாலன, விலையின்றிக் கிடைப்பனவும், மூல நிரலை யாவரும் கண்டு திருத்தத் தக்கனவுமாகிய திறந்த மூல மென்பொருள்களேயாம்.

ஈண்டு ஒரு மாணாக்கரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் 2023-ம் ஆண்டில் தம் ஆராய்ச்சிக்காக மழையளவுப் படங்கள் பன்னிரண்டை வரைந்தார். 2025-ம் ஆண்டில் அக்கட்டுரையைப் பரிசோதித்தவர், மூன்றாம் படத்தின் அளவுகோலை மாற்றி மீண்டும் வரைந்து தருமாறு கேட்டார். இதற்கிடையில் பழைய கணிப்பொறி பழுதுபட்டமையால், மாணாக்கர் புதியதொன்றில் தம் நிரலை ஓட்டினார். படம் வரவில்லை, திரை நிறையப் பிழைச்செய்தியே வந்தது. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. தரவில் ஓர் எண்ணும் மாறவில்லை. பின் மாறியது யாது?

மாறியது அந்நிரலின் அடியில் நின்ற பிற மென்பொருள்களின் பதிப்பு. ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் மென்பொருள்களின் பதிப்புகள் தம்முட் பொருந்தாது போதலையே சார்புப் பதிப்பு முரண் என்பர். இஃது ஏன் நேர்கிறது, எத்தனை வகைப்படும், எவ்வாறு தீர்க்கத் தகும் என்பவற்றை இக்கட்டுரையில் முறையே ஆராய்வோம். இஃது எந்திரத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று. தான் காட்டிய படத்தைத் தானே மீண்டும் வரைய இயலாத ஆராய்ச்சியாளன், தன் முடிவுக்குரிய சான்றுகளுள் ஒன்றை இழந்தவனாகிறான். ஆகையால் ஆராய்ச்சியின் நேர்மையே இதில் அடங்கியிருக்கிறது.

1. சார்பு என்பது யாது?

பைதன் மொழியில் படம் வரைவோர் மிகுதியும் பயன்படுத்துவது மேட்பிளாட்லிப் என்னும் மென்பொருள். அமெரிக்க நரம்பியல் ஆராய்ச்சியாளரான ஜான் ஹண்டர் என்பார், வலிப்பு நோயாளரின் மூளை மின்னலைகளைப் படமாகக் காணும்பொருட்டு இதனை இயற்றத் தொடங்கி, 2003-ம் ஆண்டில் வெளியிட்டார். அவர் 2012-ம் ஆண்டில் காலமானார். எனினும் அவர் தொடங்கிய பணியைப் பல நாட்டுத் தொண்டர் இன்றளவும் நடத்தி வருகின்றனர். 2019-ம் ஆண்டில் கருந்துளையின் முதற் படத்தை வெளியிட்ட வானியலாரும் தம் ஆய்வில் இதனைப் பயன்படுத்தினர்.

இம்மென்பொருள் தனித்து நிற்பதன்று. இதன் 3.6-ம் பதிப்பு நேராக ஒன்பது தொகுதிகளைச் சார்ந்துள்ளது. எண்களின் அணிகளைக் கையாள நம்பை, உயரக்கோடுகளைக் கணக்கிடக் கான்டூர்பை, உருவங்களைப் படிக்கவும் எழுதவும் பில்லோ, எழுத்துருக்களைக் கையாள ஃபாண்ட்டூல்ஸ், தேதிகளை அறியப் பைதன்-டேட்டியூட்டில், படத்தின் உறுப்புக்களை இடம்பெற அமைக்கக் கிவிசால்வர், கணிதக் குறியீடுகளைப் பாகுபடுத்தப் பைபார்சிங், நிறங்களைச் சுழற்சியாக மாற்றச் சைக்ளர், பதிப்பெண்களை ஒப்பிடப் பாக்கேஜிங் என்பன அவை. இவற்றுட் பைதன்-டேட்டியூட்டில் மேலும் சிக்ஸ் என்னும் வேறொன்றைச் சார்ந்துள்ளது. ஆகவே, "மேட்பிளாட்லிப் வேண்டும்" என்று ஒரு வரி எழுதுகின்ற மாணாக்கர், உண்மையிற் பத்துப் பதினொரு நூல்களை ஒருங்கே வீட்டுக்கு வரவழைக்கிறார்.

இவற்றை இயற்றியோர் ஒரே குழுவினரல்லர், ஒரே நகரத்தினருமல்லர். ஒவ்வொரு குழுவும் தன் தொகுதியைத் தனக்கேற்ற காலத்திற் புதுப்பிக்கிறது. பொதுத் தலைவர் ஒருவர் இருந்து, இன்ன நாளில் அனைவரும் சேர்ந்து மாறுக என ஆணையிடுவதில்லை. திறந்த மூலத்தின் பெருமையும் இதுவே, இடர்ப்பாடும் இதுவே. பல கைகள் சேர்ந்து கட்டும் வீட்டில், ஒரு கை தூணை மாற்றும்பொழுது மற்றொரு கை அத்தூணை நம்பிக் கூரை வேய்ந்துகொண்டிருத்தல் கூடும்.

2. பதிப்பெண் ஒரு வாக்குறுதி

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் புள்ளியிட்டுப் பிரித்த எண்கள் இடப்படுகின்றன. பொதுவாக அவை மூன்று. முதலெண் மாறினால், பழைய வழக்கங்கள் சில முறியும். இரண்டாமெண் மாறினால், புதிய வசதிகள் சேரும். மூன்றாமெண் மாறினால், பிழைகள் மட்டும் திருத்தப்படும். இவ்வாறு எண்ணுதற்குரிய விதிகளை வகுத்து வெளியிட்டவர் டாம் பிரெஸ்டன்-வெர்னர் என்பவர்.

இங்கே தொடக்க மாணாக்கர் பலர் ஒரு தவறு செய்கின்றனர். 3.10 என்பதை மூன்றும் பத்தில் ஒன்றும் எனத் தசமமாகப் படித்து, அது 3.9-இனும் சிறியது என்று கருதுகின்றனர். பதிப்பெண் தசமமன்று. புள்ளிக்குப் பின்னுள்ளது தனி முழு எண்ணாதலின், 3.9-க்குப் பின்னர் வருவதே 3.10. மேட்பிளாட்லிப் 3.9 என்பது 2024-ம் ஆண்டு மே மாதத்திலும், 3.10 அவ்வாண்டு டிசம்பரிலும் வெளிவந்தன. இச்சிறு தவற்றால், பழையதை நீக்கிப் புதியதைச் சேர்ப்பதாக நினைத்துப் புதியதை நீக்கிப் பழையதைச் சேர்த்தாரும் உளர்.

பதிப்பெண் வாக்குறுதியாயினும், அதனை எல்லாரும் ஒரே அளவில் நிறைவேற்றுவதில்லை. நம்பை 1.20-ம் பதிப்பு 2021-ம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தபொழுது, "நம்பை ஃப்ளோட்" முதலிய சில பெயர்கள் கைவிடப்படும் என முன்னெச்சரிக்கை விடுத்தது. 2022-ம் ஆண்டு டிசம்பரில் வந்த 1.24-ம் பதிப்பில் அப்பெயர்கள் அறவே நீக்கப்பட்டன. முதலெண் மாறவில்லை, ஆயினும் பழைய நிரல்கள் பல நின்றுபோயின. ஏறத்தாழ ஈராண்டு எச்சரிக்கை கொடுத்த பின்னரே நீக்கினராதலின், இயற்றியோர்மேற் குறைகூறுதல் எளிதன்று. எச்சரிக்கையைப் படியாது கடந்துசென்ற நம்மிடமும் குறை உண்டு.

3. முரணின் நான்கு வகை

பதிப்பு முரணை நான்கு வகையாகப் பகுத்துக் காண்பது பயன் தரும். வகை அறியாது மருந்து கொடுத்தல் வைத்தியனுக்கும் ஆகாது, மாணாக்கனுக்கும் ஆகாது.

முதலாவது, வெளிப்படை முரண். ஒவ்வொரு தொகுதியும் தனக்கு எது எப்பதிப்பில் வேண்டும் என்பதை எழுதி வைத்திருக்கும். இரண்டு தொகுதிகள் மூன்றாவதொன்றைப் பற்றி எழுதியவை தம்முள் மாறுபட்டால், அது வெளிப்படை முரண். கோடிக்கணக்கான புள்ளிகளைப் படமாக்க உதவும் டேட்டாஷேடர் என்னும் மென்பொருள் நம்பா என்னும் தொகுதியைச் சார்ந்தது. (எண் அணிகளுக்குரிய நம்பை வேறு, கணக்கீட்டை விரைவாக்கும் நம்பா வேறு என்பதை மறவற்க.) 2024-ம் ஆண்டு ஜூனில் வந்த நம்பா 0.60, தனக்கு நம்பை 2.1-க்குக் கீழ்ப்பட்டதாக இருத்தல் வேண்டும் என நிபந்தனையிட்டது. இரண்டு திங்கள் கழித்து நம்பை 2.1 வெளிவந்தது. அக்காலத்தில், "டேட்டாஷேடரும் வேண்டும், நம்பா 0.60-உம் வேண்டும், நம்பை 2.1-உம் வேண்டும்" என்று ஒருவர் கேட்பின், அது நிறைவேறாத வேண்டுகோளாம். 2025-ம் ஆண்டு ஜனவரியில் நம்பா 0.61 வந்த பின்னரே அம்முரண் நீங்கிற்று.

இரண்டாவது, மறைமுரண். எழுதி வைத்த நிபந்தனைகள் யாவும் பொருந்துகின்றன. எனினும் ஓட்டினால் நிரல் முறிகிறது. 2006-ம் ஆண்டில் முதற் பதிப்பாக வந்த நம்பை, 2024-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி 2.0 ஆயிற்று. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக அதன் முதலெண் மாறிற்று. அப்பொழுது இயந்திர மொழி நிலையில் பிற தொகுதிகள் நம்பையோடு இணையும் முறையே மாற்றப்பட்டது. ஆகவே நம்பை 1-ஐக் கொண்டு இயந்திர மொழிக்கு மாற்றப்பட்ட தொகுதிகள் நம்பை 2-இன்கீழ் இயங்கா. நம்பை 2-ஐக் கொண்டு மாற்றப்பட்டவையோ 1-ம் வரிசையின் பிற்பட்ட பதிப்புகளோடும் இயங்கும். மேட்பிளாட்லிப் 3.6 வெளிவந்த 2022-ம் ஆண்டில் நம்பை 2 பிறக்கவேயில்லை. ஆதலின் அது, "நம்பை 1.19 அல்லது அதற்கு மேற்பட்டது" என்று மட்டும் எழுதி, மேலெல்லை வகுக்காது விட்டது. "மேற்பட்டது" என்னும் அச்சொல்லுக்குள் 2-ம் அடங்கிவிட்டது.

நம் மாணாக்கருக்கு நேர்ந்தது இதுவே. அவர் தம் குறிப்பில் மேட்பிளாட்லிப் 3.6 என உறுதியாக எழுதியிருந்தார். அதன் அடியில் நின்ற நம்பையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. கூரையின் அளவைக் குறித்தவர் அடித்தளத்தின் அளவைக் குறியாது விட்டார். புதிய கணிப்பொறியில் பழைய மேட்பிளாட்லிப்பும் புதிய நம்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து அமர்ந்தன.

மூன்றாவது, பெயர் நீங்கிய முரண். நாம் நேராக எழுதிய நிரலில் உள்ள ஒரு பெயர் புதிய பதிப்பில் இல்லாது போதல் இது. மேலே கூறிய "நம்பை ஃப்ளோட்" இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மேட்பிளாட்லிப்பில் "சீபார்ன்" என்னும் பெயரால் வழங்கிய பட நடை, 3.6-ம் பதிப்பில் எச்சரிக்கைக்கு உள்ளாகி, 3.8-ம் பதிப்பில் அப்பெயரோடு நீக்கப்பட்டது மற்றோர் எடுத்துக்காட்டு. இவ்வகை மிக எளியது. பிழைச்செய்தியே பெரும்பாலும் மாற்றுப் பெயரையும் சொல்லிவிடும்.

நான்காவது, ஊமை முரண். இதுவே நால்வகையுள்ளும் அஞ்சத் தக்கது. நிரல் ஓடுகிறது, பிழைச்செய்தி இல்லை, படமும் வருகிறது, ஆனால் வந்த படம் பழைய படமன்று. 2017-ம் ஆண்டு ஜனவரியில் மேட்பிளாட்லிப் 2.0 வெளிவந்தபொழுது, நாம் ஒன்றும் குறிப்பிடாவிடின் தானே அமையும் நிறவரிசை மாறிற்று. முன்னர் இருந்த "ஜெட்" என்னும் வானவில் வரிசை, தரவில் இல்லாத எல்லைக்கோடுகளைக் கண்ணுக்கு இருப்பனபோற் காட்டும் குறையுடையது. அதற்குப் பதிலாக, வெளிச்சம் படிப்படியாக உயரும் "விரிடிஸ்" என்னும் வரிசை வைக்கப்பட்டது. அச்சுக்களின் எல்லையை வகுக்கும் முறையும் உடன் மாறிற்று. மாற்றம் நன்மைக்கே, ஐயமில்லை. ஆயினும், ஒரே கட்டுரையின் முதற் படத்தைப் பழைய பதிப்பிலும் ஏழாம் படத்தைப் புதிய பதிப்பிலும் வரைந்தவர், இரண்டையும் ஒப்பிட்டு முடிவு கூறினால், அம்முடிவு தரவைப் பற்றியதோ மென்பொருளைப் பற்றியதோ என ஐயுறத் தகும்.

4. இயந்திரம் எவ்வாறு தீர்க்கிறது?

பைதனில் தொகுதிகளை நிறுவும் கருவி பிப் எனப்படும். முற்காலத்தில் அது, தனக்கு முதலில் எதிர்ப்பட்ட நிபந்தனையை ஏற்று, பின்னர் வந்த நிபந்தனையோடு பொருந்துகிறதா என ஆழ்ந்து ஆராயாமலே நிறுவிவிடும். 2020-ம் ஆண்டு நவம்பர் முடிவில் வந்த பிப் 20.3-இல் புதிய தீர்வு முறை அமைக்கப்பட்டது. அது முதல், நிபந்தனைகள் அனைத்தும் பொருந்தும் ஒரு தொகுப்பு அகப்படும்வரை பதிப்புகளை ஒவ்வொன்றாக முயன்று பார்த்து, பொருந்தாதவிடத்துப் பின்வாங்கி, வேறொன்றை எடுத்து மீண்டும் முயல்கிறது. ஒன்றுமே பொருந்தாவிடின், "தீர்வு இயலாது" என்று அறிவித்து நின்றுவிடுகிறது.

இவ்வேலை எத்துணைக் கடினம் என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். பத்துத் தொகுதிகள் இருந்து, ஒவ்வொன்றுக்கும் இருபது பதிப்புகள் இருக்குமாயின், அமையக்கூடிய சேர்க்கைகள் இருபதின் பத்தாம் அடுக்கு. அஃதாவது 10,24,000 கோடி. அத்தனையையும் முயன்று பார்க்க இயலாது. ஆதலின் அக்கருவி சில உத்திகளால் வழியைச் சுருக்கிக்கொள்கிறது. அது நெடுநேரம் எதையோ தேடிக்கொண்டு நிற்பதைக் காணும் மாணாக்கர் பொறுமையிழத்தல் வேண்டா; ஆனால் அதற்கு உதவி செய்தல் வேண்டும். "இன்ன பதிப்புக்குக் கீழ் வேண்டாம்" என்று நாம் ஓர் எல்லை வகுத்தால், தேடும் பரப்பு மிகவும் குறுகும்.

இப்பின்வாங்குதலில் மற்றொரு வியப்பும் உண்டு. புதிய நம்பா புதிய நம்பையை மறுக்கிறது எனக் கொள்வோம். நாம் நம்பாவின் பதிப்பைக் குறியாது, புதிய நம்பையை மட்டும் வற்புறுத்தினால், கருவி பின்வாங்கிப் பின்வாங்கி, நம்பைக்கு மேலெல்லை எழுதாத மிகப் பழைய நம்பாவைச் சென்றடைதல் கூடும். எழுத்தளவில் முரண் இல்லை. ஆனால் அப்பழைய நம்பா இன்றைய பைதனில் நிறுவவே படாது. மாணாக்கர் காணும் பிழைச்செய்தியோ அவர் கேட்டறியாத ஒரு பழம்பதிப்பைப் பற்றியதாயிருக்கும். கேட்காத பதிப்பின் பெயர் செய்தியில் வந்தால், கருவி பின்வாங்கியது என்று உணர்க.

5. தீர்க்கும் நெறி

முரண் நேர்ந்தவுடன் பலர் செய்வது யாதெனின், கண்ட தொகுதியை நீக்குவதும், மீண்டும் நிறுவுவதும், வற்புறுத்தி நிறுவும் கட்டளையை இடுவதும், ஆறாவது முயற்சியில் தற்செயலாக ஓடினால் மகிழ்வதுமேயாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது இவ்விடத்துக்கு மிகப் பொருந்தும் பழமொழி. தற்செயலாகத் தீர்ந்தது தற்செயலாகவே மீண்டும் முறியும். ஆகவே கீழ்வரும் நெறியைக் கைக்கொள்ளுமாறு நம் மாணாக்கரை வேண்டுகிறோம்.

முதலாவது, பிழைச்செய்தியை முழுமையும் படித்தல். கடைசி வரி பிழையின் பெயரைச் சொல்லும். அதற்கு மேலுள்ள வரிகள் பிழை பிறந்த இடத்தைச் சொல்லும். நம் மாணாக்கர் கண்ட செய்தியின் தொடக்கத்திலேயே, நம்பை 1-ஐக் கொண்டு ஆக்கப்பட்ட தொகுதி நம்பை 2-இல் இயங்காது என்னும் பொருள்பட ஒரு வாக்கியம் இருந்தது. நம்பையை 2-க்குக் கீழ் இறக்குக, அன்றேல் பாதிக்கப்பட்ட தொகுதியை உயர்த்துக என்னும் அறிவுரையும் உடனிருந்தது. அவர் அதனைப் படியாமல் முதலில் இரண்டு நாள் கழித்தார்.

இரண்டாவது, எப்பைதன் ஓடுகிறது என்று அறிதல். ஒரே கணிப்பொறியில் மூன்று பைதன்கள் இருத்தல் உண்டு. ஒன்றில் நிறுவி, மற்றொன்றில் ஓட்டி, "நிறுவினேன், காணோம்" என்று வருந்துவார் பலர். பைதனின் பதிப்பும் ஒரு சார்பே என்பதை மறத்தல் கூடாது. மேட்பிளாட்லிப் 3.10-க்குப் பைதன் 3.10 அல்லது அதற்கு மேற்பட்டது வேண்டும். பழைய மேட்பிளாட்லிப்புக்கோ மிகப் புதிய பைதனுக்கென ஆயத்தமாக ஆக்கப்பட்ட கோப்பே இராது.

மூன்றாவது, நிறுவியுள்ளவற்றைப் பட்டியலிட்டு, எது எதைக் கேட்கிறது என ஆராய்தல். பிப் கருவியில் "பிப் லிஸ்ட்" என்பது பட்டியலையும், "பிப் ஷோ" என்பது ஒரு தொகுதி எவற்றைச் சார்ந்தது, எவற்றால் சார்ந்து நிற்கப்படுவது என்பதையும், "பிப் செக்" என்பது எழுதப்பட்ட நிபந்தனைகளுள் முறிந்தவற்றையும் காட்டும். ஆனால் "பிப் செக்" வெளிப்படை முரணை மட்டுமே அறியும். மறைமுரண் உள்ளவிடத்தும் அது, குறையொன்றும் இல்லை என்றே கூறும். அச்சொல்லை நம்பி ஏமாறற்க.

நான்காவது, தனிச் சூழலை அமைத்தல். பைதன் 3.3 முதல், அஃதாவது 2012-ம் ஆண்டு முதல், "வென்வ்" என்னும் வசதி உடனமைந்துள்ளது. ஒவ்வோர் ஆராய்ச்சிக்கும் ஒரு தனி அறைபோல் ஒரு சூழலை அது வகுத்துக் கொடுக்கும். ஓர் அறையில் நம்பை 1-உம் மற்றோர் அறையில் நம்பை 2-உம் ஒன்றையொன்று அறியாமலே வாழலாம். முரண் முற்றியவிடத்துப் பழைய அறையைப் பழுதுபார்ப்பதினும் புதிய அறையைத் திறப்பது எளிது. கணிப்பொறியின் இயக்க முறைமைக்கு உரிய பைதனில் நம் சோதனைகளைச் செய்தல் ஒருபொழுதும் தகாது.

ஐந்தாவது, இறக்குவதா உயர்த்துவதா என்று தெளிந்து முடிவு செய்தல். பழைய படத்தைப் பழையபடியே மீண்டும் வரைய வேண்டுமாயின், நம்பையை 2-க்குக் கீழ் என எல்லையிட்டு இறக்குதல் தக்கது; 1-ம் வரிசையில் இறுதியாக வந்த 1.26 அப்பொழுது அமையும். புதிய ஆராய்ச்சி தொடங்குவதாயின், மேட்பிளாட்லிப்பை 3.9-க்கோ அதற்கு மேலோ உயர்த்துதல் தக்கது. உயர்த்தும்பொழுது ஒன்றை மட்டும் உயர்த்தாது, நம்பையோடு இயந்திர மொழி நிலையில் இணையும் எல்லாவற்றையும் உடன் உயர்த்த வேண்டும். எடுத்துக்காட்டாக, அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ், 2024-ம் ஆண்டு ஏப்ரலில் வந்த 2.2.2 முதலே நம்பை 2-க்கு ஏற்றதாயிற்று. இறக்கி நிறுத்துதல் இழுக்கன்று. ஆனால் அஃது ஒரு கடன். நெடுங்காலம் திருப்பிக் கொடாவிடின் வட்டி ஏறும். பழம்பதிப்புகளுக்குத் திருத்தங்கள் வாரா. புதிய பைதனும் அவற்றை ஏலாது.

ஆறாவது, படத்தைக் கொண்டே சோதித்தல். பிழைச்செய்தி மறைந்தது என்பதால் முரண் தீர்ந்ததென்று கொள்ளற்க. ஊமை முரண் எஞ்சியிருத்தல் கூடும். முன்னர் வரைந்த படமொன்றை எடுத்து, அதே தரவால் மீண்டும் வரைந்து, இரண்டையும் அருகருகே வைத்து நோக்குக. நிறம், அச்சின் எல்லை, எழுத்தின் அளவு ஆகியவற்றைத் தானே அமையும்படி விடாது, நிரலிலேயே வெளிப்படையாக எழுதி வைத்தல் இவ்வகை முரணுக்குச் சிறந்த காப்பு.

ஏழாவது, எழுதி வைத்தல். முரண் தீர்ந்த அந்த நாளிலேயே "பிப் ஃப்ரீஸ்" என்னும் கட்டளையால் எல்லாத் தொகுதிகளின் துல்லியமான பதிப்பெண்களையும் ஒரு கோப்பில் பதிந்துகொள்க. அப்பட்டியல் பைதனின் பதிப்பைச் சொல்லாது. ஆதலின் அதனைத் தனியே குறித்து வைக்க. இக்கோப்பு ஆராய்ச்சிக் கட்டுரையோடு சேர்ந்து இருத்தல் வேண்டும்.

6. எல்லை வகுத்தலில் ஒரு விவேகம்

எல்லாப் பதிப்பெண்களையும் இறுக்கிக் கட்டிவிட்டால் முரணே வாராதே எனச் சிலர் வினவலாம். இங்கே இரு நிலைமைகளைப் பிரித்து அறிதல் வேண்டும். ஓர் ஆராய்ச்சியின் படங்களை வரையும் நிரல் இறுதிப் பயன். அதனைச் சார்ந்து வேறெதுவும் இல்லை. ஆகவே அதன் சார்புகளை இம்மியும் பிசகாது குறித்தலே தக்கது. பிறர் பயன்படுத்தும்பொருட்டு நாம் இயற்றும் தொகுதியோ அத்தகையதன்று. அது தன் சார்புகளை இறுக்கிக் கட்டினால், அதனைப் பயன்படுத்துவார் அனைவரும் உடன் கட்டுண்பர். அத்தகைய இரண்டு தொகுதிகள் சந்தித்தால் வெளிப்படை முரண் பிறக்கும். எல்லையே இன்றி விட்டாலோ, மேட்பிளாட்லிப் 3.6-க்கு நேர்ந்ததுபோல் மறைமுரண் பிறக்கும். ஆதலின் தொகுதி இயற்றுவோர், தாம் சோதித்த கீழெல்லையை உண்மையாக எழுதி, முறியும் என்று அறிந்தவிடத்தில் மேலெல்லையையும் எழுதுதல் நன்று. தமக்குக் கட்டுப்பாடும் பிறர்க்கு இடங்கொடுத்தலும் என்னும் இப்பண்பு கூடி வாழும் எல்லாவிடத்தும் வேண்டப்படுவதே.

7. முடிவுரை

நம் மாணாக்கர் இறுதியிற் செய்தது இது. புதிய சூழல் ஒன்றைத் திறந்தார். தாம் முன்னர்ப் பயன்படுத்திய பைதன் 3.11-ஐ அதற்கு அமைத்தார், மேட்பிளாட்லிப் 3.6 என்று எழுதியிருந்த வரியின்கீழ், நம்பை 2-க்குக் கீழ் என்று மற்றொரு வரி சேர்த்தார். ஒரே ஒரு வரி. முதலில் அளவுகோலை மாற்றாமலே மூன்றாம் படத்தை வரைந்து, அச்சிட்ட கட்டுரையிலுள்ளதோடு ஒப்பிட்டார்; இரண்டும் ஒத்தன. அதன் பின்னரே அளவுகோலை மாற்றினார். மாற்றிய படத்தோடு பதிப்புப் பட்டியலையும் சேர்த்து அனுப்பினார். பரிசோதித்தவர் கேட்டது ஒரு படமே. ஆயினும் மாணாக்கர் கொடுத்தது, இனி எவரும் அப்படத்தை வரைந்து பார்க்கத் தக்க வழி.

மணலின்மேல் வீடு கட்டிய மனிதனுடைய உவமையை நம் கலாசாலையில் அறியாதார் இலர். அவன் வீடு சிறியதென்றோ அழகற்றதென்றோ அவ்வுவமை கூறவில்லை. அடியில் இருந்ததை அவன் எண்ணவில்லை என்பதே குற்றம். நாம் வரையும் படங்களின் அடியிலும் பலருடைய உழைப்பு அடுக்கடுக்காகக் கிடக்கிறது. அவருட் பலர் கூலி பெறாதவர், பெயர் அறியப்படாதவர். முரண் நேரும்பொழுது அவர்களைக் கடிந்து பேசுதல் எளிது. என்ன நேர்ந்தது, எப்பதிப்பில் நேர்ந்தது, எச்சிறு நிரலால் அதனை மீண்டும் காட்டலாம் என்று தெளிவாக எழுதி அவர்களுக்கு அறிவித்தலோ, அவர்தம் உழைப்பில் நாமும் ஒரு கல் எடுத்து வைப்பதாகும்.

ஆகவே மாணாக்க நண்பர்களே, அடுத்த முறை படம் வராது பிழைச்செய்தி வந்தால், சினந்து விசையைத் தட்டாது சற்றே நின்று, "இது நால்வகையுள் எவ்வகை?" என்று கேளுங்கள். படம் வந்த நாளிலும், முரண் ஒன்றும் இல்லாத நாளிலுங்கூட, பதிப்பெண்களை எழுதி வையுங்கள். மறதி வந்த பின்னர் எழுதப் புகுவார்க்கு எழுதுதற்கு ஒன்றும் இராது.